யானை வில்லை

யுத்தத்தில் சில்லறைக் காசு மறைந்துபோன வருஷம் அது. மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் அட்டையிலும் தகரத்திலும் தங்கள் முத்திரை குத்திய வில்லைகளைக் கொடுத்தார்கள். நகரத்து ஸ்ரீவராகத்தில் குடியிருந்த குமாஸ்தா சாம்பசிவன் அவற்றைச் சேர்த்துவந்தான். மலையடிவாரத்துக் கல்லாற்றுக் கடையின் யானை முத்திரை வில்லைக்காக ஒருமுறை போனவன், அடுத்த மாதம் மறுபடியும் போனான்.

கடைவாசலில் தாசம்மாள் நின்றிருந்தாள். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். கையில் ஏழு யானை வில்லைகள்.

"இதுக்கு மரச்சீனிக் கிழங்கு தரமாட்டேங்காரு சாரே. பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்க?"

"யானை இனி செல்லாது. இப்பம் மீன் வில்லைதான்" என்றார் கடைக்காரர் சுவாமிதாஸ். பிறகு சாம்பசிவனைப் பார்த்துச் சிரித்தார். "சார் போன மாசம் சொன்ன யோசனைதானே! பழசு செல்லாதுன்னு ஆக்கினா, சேக்கிறவங்க நல்ல விலை தருவாங்கன்னு சொல்லல்லியா?"

சொன்னது உண்மைதான். சும்மா பேச்சுக்குச் சொன்னது.

"அவா கூலிப்பணத்துக்கு நீர் குடுத்த மீதிய்யா அது! திருப்பி வாங்கிக்கும்."

"தோட்டத்து லயத்திலே வீட்டுக்கு வீடு இருக்கு சாரே. எல்லாம் வாங்கினா நான் என்ன செய்ய? சாருக்கு மீனிலே ஒரு செட் சும்மா தாரேன்."

பளபளப்பான ஆறு வில்லைகளை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டான் சாம்பசிவன். தன் பணத்தில் மரச்சீனி வாங்கி தாசம்மாளிடம் கொடுத்தான்.

அவள் வில்லைகளை நீட்டினாள். வேண்டாம் என்றான்.

"பிச்சை வேண்டாம் சாரே" என்று அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, "இதை வச்சு சாரு என்ன வாங்குவியளோ?" என்று கேட்டாள்.

"சேர்த்து வைப்பேன்."

"வெறுதே பாத்துக்கிட்டு இருக்கதுக்கா?"

அவள் முகம் சுளித்ததை அவன் பார்த்தான். வியர்வையில் பிசுபிசுத்த தகரம் பஸ்ஸில் வழிநெடுக நாறியது.

"எத்தனை தடவைதான் கை அலம்புவேள்?" என்றாள் மனைவி சாவித்ரி. அவன் மறுபடி சொம்பை எடுத்தான். சாப்பாடும் இறங்கவில்லை.

மறுநாள் தாலுகா கச்சேரிக்கு மனு எழுதினான். சுவாமிதாஸ் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினான். யோசனை சொன்னது யார் என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது. அதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

ஒரு மாதம் கழித்துக் கல்லாற்றில் யானை மறுபடி செல்லுபடியாயிற்று. மனுப்போட்ட புண்ணியவானை லயத்துச் சனங்கள் பார்க்க ஆசைப்படுவதாக கல்லாற்றுக்குப் பக்கத்து விதுரையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அவன் போகவில்லை.