பூமி சுற்றியது

அன்னவாசலில் ஆத்மநாதன் சார் நடத்தும் மெட்ரிக் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் டீச்சரின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை மொத்தமாக வாங்கி, தன் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். நடு வருஷத்தில் யாரும் கம்பி நீட்டிவிடக் கூடாதல்லவா. "பத்திரத்துக்குத்தாம்மா. ஒங்க வீட்ல கரையான் இருக்கும்" என்பார். இலக்கியா வீட்டில் கரையான் இருந்தது உண்மைதான். அவளும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் பி.எட். வரைக்கும் ஒரு ஃபைலில் போட்டு, பல்லெல்லாம் தெரியக் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் மட்டும் என்ன, எல்லா டீச்சரும் அப்படித்தான் கொடுத்தார்கள்.

இப்போது அரசுப் பள்ளி வேலைக்கு எழுதிய தேர்வில் அவள் தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை சென்னையில் சர்டிபிகேட் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அவள் அம்மா சொர்ணம், மகள் அழைப்புக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியாயிற்று. ரேஷன் கடை வரிசையிலும் சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை இலக்கியா போய் சார் முன்னால் நின்றாள்.

"தாராளமா வாங்கிக்கங்கம்மா" என்றார் ஆத்மநாதன். "நம்ம ஸ்கூலுக்கே பெருமை. அதுக்கு முன்னாடி எட்டாங் கிளாஸ் இங்கிலீஷ் பேப்பரைக் கொஞ்சம் பார்த்துருவோம்."

எட்டாம் வகுப்பில்தான் அவருடைய பேத்தி படிக்கிறாள். காலாண்டில் ஒரே ஒரு மார்க்கில் முதல் ரேங்க் போய்விட்டது. அந்த மார்க் போன இடம் இதுதான்: ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது இங்கிலீஷில் வினைச்சொல் ஒரு படி பின்னால் போய்விடும். 'பசிக்கிறது' என்று ஒருவன் சொன்னால், 'பசித்தது' என்று சொன்னதாக ஆகும். என்றைக்கும் மாறாத உண்மையை மட்டும் அப்படி நகர்த்த வேண்டியதில்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாத்தியார் சொன்னார். அவர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் அது சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? அதனால் 'மூவ்ஸ்' அப்படியே நிற்கலாம். இலக்கியா நடத்தியது அது. கடைத்தெரு ஜன்னத் பீவியின் மகள் ரிஃபானா அப்படியே எழுதி முதல் ரேங்க் வாங்கியிருந்தாள். பேத்தி 'மூவ்டு' என்று எழுதி இன்ட்டு வாங்கியிருந்தாள்.

"கைடுல 'மூவ்டு'ன்னுதாம்மா போட்டிருக்கு."

"அப்படி எழுதுறதும் உண்டுங்க சார். நான்தான் கறாராத் திருத்திட்டேன். அதுக்கும் மார்க் போட்டுடறேன்."

"போட்டா?"

"ரெண்டு பேரும் ஃபர்ஸ்ட் ரேங்க் சார்."

"ஆண்டு விழாவுல ஒரு கப்பை ரெண்டு பிள்ளையா புடிச்சுக்கிட்டு நிக்கும்?" சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சரின்னா இன்னொண்ணு தப்பாத்தானே இருக்கணும்? யோசிங்க. பீரோ எங்கயும் போயிராது."

இலக்கியா யோசித்தாள். வராந்தாவைக் கடந்து வகுப்புக்குள் நுழையும் வரை யோசித்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பேத்தியின் பேப்பரில் அந்த மார்க்கைப் போட்டுவிட்டு, ரிஃபானாவின் பேப்பரை வாங்கினாள்.

"நீங்கதானே மிஸ் போர்டுல எழுதிப் போட்டீங்க?"

"அது அன்னைக்கு."

"இப்ப சுத்தலையா மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. ரிஃபானா சிரிக்கவில்லை. இலக்கியா சிவப்பு டிக்கின் மேலேயே சிவப்பில் ஒரு இன்ட்டு போட்டாள். டிக் சரியாக மறையாததால் இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள்.

மறுநாள் சார் அறைக்குப் போனால், "செவ்வாயும் அதுவுமா பீரோவுலேருந்து எதையும் வெளியே எடுக்க மாட்டோம்மா" என்றார். புதன்கிழமை அஷ்டமி. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளை, அஷ்டமியில் கொடுத்தனுப்பினால் பாவம் யாருக்கு? வியாழன் நவமி. இலக்கியாவும் நாள் நட்சத்திரம் பார்க்கிற வீட்டுப் பெண்தான். அதனால் இரண்டு நாளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வியாழன் சாயங்காலம் சென்னைக்கு பஸ் டிக்கெட் போட்டுவிட்டு, ஆபீஸ் வாசலில் பையோடு நின்றாள்.

ஆபீஸ் கிளார்க் கோபிநாத்துக்கே பொறுக்கவில்லை. "அக்கா, வீட்டுக்குப் போங்க. வெள்ளிக்கிழமை கழியட்டும்னுதான் சாரு காலண்டரைக் கிழிச்சுக்கிட்டு இருக்காரு. நடு வருஷத்துல இங்கிலீஷுக்கு ஆளுக்கு எங்கிட்டுப் போவாரு?"

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல கோபி?"

"என் சர்டிபிகேட்டும் அங்கதான்க்கா இருக்கு."

வெள்ளிக்கிழமை கழிந்தது. சரிபார்ப்புக்கு வராதவர்களுக்கு மறு வாய்ப்பு இல்லை என்று அழைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அடுத்த வாரம் ஜன்னத் பீவி, அரசு அச்சிட்ட பாடப் புத்தகத்தில் 'மூவ்ஸ்' என்று போட்டிருந்த பக்கத்தைப் பிரித்துப் பிடித்தபடி பள்ளிக்கு வந்துவிட்டார். ஆத்மநாதன் சார் புத்தகத்தைப் பார்த்தார், ரிஃபானாவின் பேப்பரைப் பார்த்தார், பிறகு இலக்கியாவைக் கூப்பிட்டு விட்டார்.

"இந்த டீச்சருக்கு அனுபவம் பத்தாதும்மா. தெரியாமத் திருத்திட்டாங்க. வேற ஸ்கூலா இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஏழைப் பொண்ணு, நான் மன்னிச்சு வச்சிருக்கேன்."

ஜன்னத் பீவி இலக்கியாவின் பக்கம் திரும்பினார். "எம் பிள்ளை மூணு நாளா சாப்பிடலை டீச்சர். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போகலாம்ல? பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க வாரவங்க முதல்ல நீங்க படிச்சிட்டு வாங்க."

இலக்கியா வாயைத் திறந்தாள். சாருக்குப் பின்னால் பீரோ இருந்தது. அதன் மேல் பேத்திக்கு வாங்கிய கப், செலோஃபேன் தாள்கூடப் பிரிக்காமல்.

"சாரிங்க" என்றாள்.

ரிஃபானாவுக்கு மார்க் திரும்பக் கிடைத்தது. அன்றைக்கே சார் இன்னொரு கப் வாங்கிவரச் சொல்லி கோபிநாத்தைப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார். இலக்கியா அடுத்த பீரியடுக்கு ஏழாம் வகுப்புக்குப் போனாள். இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

தெருவில் ஆள் விடாமல் கேட்கிறார்கள், சென்னைக்குப் போன விஷயம் என்ன ஆச்சு என்று. கேட்காமல் இருப்பார்களா? அத்தனை பேருக்கும் தேடிப் போய்ச் சொன்னவள் சொர்ணம்தானே. இப்போதும் அவளேதான் பதில் சொல்கிறாள்: "அம்புட்டுத் தூரம் போய்க் கஷ்டப்பட வேணாம், இங்கயே நல்லா இருக்குன்னு இலக்கியாதான் சொல்லிருச்சு."

இலக்கியா உள்ளே பேப்பர் திருத்திக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று ஒருநாளும் வெளியே வந்து சொன்னதில்லை.