முகட்டில் வைத்த யன்னல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு மார்கழிப் புயல், திருகோணமலைப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் அப்துல் மஜீதின் தென்னோலைக் கிடுகுக் கூரையை ஒரே இழுப்பில் கொண்டுபோனது. அவரும் மனைவியும் இரண்டு பெண்மக்களும் நான்கு நாள் பள்ளிவாசலில் கிடந்தார்கள். அதன்பின், மூத்த மகள் நஜ்முன் நிஸாவுக்குச் சீதனமாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கிடுகு என்ற பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை. தடித்த தகரம் போட்டு, ஆணி அறைந்து, மேலே கம்பியும் இழுத்துக் கட்டினார். கூரைக்குக் கீழே நெல்மூட்டை வைக்கப் பலகை அடித்து ஒரு மேல்தட்டு. காற்று உள்ளே புகுந்தால் கூரையைத் தூக்கிவிடும் என்று, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே விரல் நுழையக்கூட இடம் விடாமல் பூசச் சொன்னார்.

சித்திரையில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை அபூதாஹிர் மூதூர்க்காரன். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை. ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்கே குடிவந்தான்.

ஆனியில் தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியது. காலை பத்து மணிக்கே மேல்தட்டுப் பலகையிலிருந்து வெக்கை இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டதும், அபூதாஹிர் பாயைச் சுருட்டிக்கொண்டு வேலியோரத்து வேம்பின் கீழே போய்ப் படுத்துவிடுவான். நிஸா கேட்டால், "சும்மாதான் புள்ள, மரத்தடியில நல்ல காத்து" என்பான். மாமனார் ஆசையாய்க் கட்டிக்கொடுத்த வீட்டைக் குறைசொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மஜீத் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது வெள்ளி, நாலு வீடு தள்ளியிருந்த தன் வீட்டிலிருந்து வந்து மகளைத் தனியே கூப்பிட்டார்.

"உன்ட மாப்பிள்ளைக்கு இந்த வீடு பிடிக்கல்லையா? ஒவ்வொரு கிழமையும் வெளியிலதானே கிடக்கிறார். சனம் என்ன கதைக்கும்?"

"அப்படி ஒண்டும் இல்ல வாப்பா" என்றாள். ஆனால் அவளுக்கும் காரணம் தெரியாது; நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்கு வெக்கை புதிதில்லை. அவர் போனபின் குசினியில் நின்று கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் நெல் எடுக்க மேல்தட்டுக்கு ஏறினாள். வழக்கமாக விடியலில் ஏறுகிறவள். அன்று வேலைகள் பிந்தி உச்சிப்பொழுது ஆகிவிட்டது. பிடிமானத்துக்குத் தகரத்தில் கை வைத்தவள் சூடு தாங்காமல் உதறிக்கொண்டாள். மூச்சு முட்டியது. நெல்லை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி, வெறும் நிலத்தில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தாள்.

பொழுதுபட அபூதாஹிர் வந்ததும் வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

"வெக்கைக்குத்தானே மரத்தடிக்குப் போறீங்க?"

அவன் சிரித்துவிட்டான். "ஓம்."

"அதைச் சொன்னா என்ன?"

"மாமா புயலுக்குப் பயந்து கட்டின வீடு. அவருக்கிட்ட எப்படிச் சொல்ற?"

"நான் சொல்றன். என்ன செய்யலாமெண்டு நீங்க சொல்லுங்க."

அவன் சொன்னான். கப்பலின் அடித்தட்டில் தேயிலை வேர்க்காமல் இருக்க ஒரு பக்கத்தால் காற்றை உள்ளே விட்டு மறுபக்கத்தால் வெளியே போக்குவார்கள். இங்கேயும் சூடு வெளியேறச் சுவரில் வழி வேண்டும்; அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளி நிஸா விஷயத்தை வாப்பாவிடம் சொன்னாள். மஜீதுக்குக் கோபம் வந்தது.

"கட்டின சுவரை உடைக்கிறதா? ஏலாது! இன்னொரு புயல் வந்தா?"

அதுவரை மாமனார் முன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத அபூதாஹிர் எழுந்து நின்றான். "கதவு வச்ச யன்னல்தான் மாமா. காத்துக் கடுத்தா சாத்திக் கொண்டி போடலாம்."

மஜீத் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"வாப்பா, ஒருக்கா மேல ஏறிப் பாருங்க" என்றாள் நிஸா.

முறைத்துக்கொண்டே ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார். வேர்வையில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. சால்வையால் முகத்தைத் துடைத்து, மகளைப் பார்த்து, பிறகு மருமகனைப் பார்த்தார்.

"பாண் சுடுற போறணை மாதிரியெல்லோ இரிக்கு! இதுக்குக் கீழயா ரெண்டு பேரும் இருந்தீங்க?" குரல் இறங்கிவிட்டது. "எந்தச் சுவரில உடைக்கோணும்?"

இரண்டு வெள்ளிக்கிழமைகள் வேலை நடந்தது. கச்சான் வருகிற பக்கச் சுவரில் முகட்டுக்குக் கீழே ஒரு யன்னல், எதிர்ச்சுவரில் இன்னொன்று. தகரத்துக்கு ஒரு சாண் கீழே பன்புல்லில் பின்னிய பாய்களை இழுத்துக் கட்டினார்கள். தகரத்தின் சூடு பாய்க்கு மேலேயே நின்று யன்னலால் வெளியே போய்விடும். மஜீத் சுண்ணாம்பு கரைத்துக் கொடுக்க, அபூதாஹிர் கூரைமேல் வெள்ளை பூசினான். கீழே நின்றபடி மஜீத் கப்பல்களைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்டார். மருமகன் இவ்வளவு கதைப்பான் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

வேலை முடிந்த அடுத்த வெள்ளி எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள். வீடு குளிர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தலையை அமுக்கிய வெக்கை மட்டும் இல்லை. சாப்பிட்டதும், "சும்மா சாயுறன்" என்று கூடத்தில் படுத்த மஜீத் அஸர் பாங்கு சொல்லும்வரை குறட்டை விட்டார்.

தொழுதுவிட்டு வந்தவர் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மருமகன், சின்னவள் றஹ்மாட வீட்டுக்கு அடுத்த மாசம் அத்திவாரம் வெட்டுறம். நீங்க வந்து வளவைப் பாருங்க."

"இப்பவா மாமா?"

"இப்பதான். வெளிச்சம் இரிக்கு."

நிஸாவின் தங்கைக்கு அந்த வீட்டில் யன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவரும் வாதாடிக்கொண்டு ஒழுங்கையில் நடந்துபோனது குசினி வரைக்கும் கேட்டது.