முன்சீட்டுக்கு அடியில்

அந்தக் காரில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு, முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். நிச்சயமான பிறகு அவள் அதில் ஏறுவது இது மூன்றாவது முறை. இன்று யாரும் சொல்லாமலே செய்தாள்.

"பார்த்தியாம்மா, பழகிட்டா!" என்றான் அவன், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு.

"பழகித்தானே ஆகணும்," என்றாள் முன்சீட்டில் இருந்த வருங்கால மாமியார்.

ஊருக்கு வெளியே பெரிய கடையில் கட்டிலும் பீரோவும் பார்க்கப் போகிறார்கள். அவன் வங்கியில் அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் காருக்குள் சோடா மாவு தூவி ஊறவிட்டு, வேக்குவம் போட்டு உறிஞ்சுவான். ஏசி துவாரங்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பான். அவளுடைய தங்கை அவனுக்கு 'மியூசியம் மாமா' என்று பெயர் வைத்திருந்தாள். அவளுக்கோ அதெல்லாம் பிடித்திருந்தது. ஒரு வண்டியையே இப்படித் தாங்குகிறவன் பெண்டாட்டியை எப்படித் தாங்குவான் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கண்ணாடியில் இன்று புதிதாக ஒரு வாசனைக் குப்பி ஆடியது. பச்சை ஆப்பிள்.

"தோட்டத்துக்குள்ள உட்கார்ந்த மாதிரி இல்ல?" என்றாள் மாமியார்.

முதல் வளைவிலேயே தோட்டம் அவள் தொண்டைக்கு ஏறியது. மூடிய வண்டி, ஏசி, அந்த இனிப்பு நெடி. நெற்றி வியர்த்தது.

"ஜன்னலைக் கொஞ்சம் இறக்கலாமாங்க? ஒரு மாதிரி இருக்கு."

"வெளிய ஒரே தூசிம்மா. இப்பத்தான் துடைச்சேன். மூக்கால மூச்சு விடு, சரியாயிடும்."

"ரெண்டே நிமிஷம்."

"ஏசி ஓடும்போது ஜன்னலைத் திறந்தா ஈரம் கோத்துக்கும், செல்லம். அப்புறம் நாய் படுத்த மாதிரி நாறும்."

"எங்க மாமியார் வீட்டுக்கு நான் லாரியில ஏறித்தான் போனேன்," என்று மாமியார் சிரித்தாள். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஏசி கூட ஒத்துக்க மாட்டேங்குது."

மூன்றாவது முறை கேட்க அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் பொத்தானை அழுத்தினாள். அவன் அதை முன்னாலிருந்தே பூட்டி வைத்திருந்தான். மடியில் இருந்த கைப்பையைத் திறந்து முகத்தை அதற்குள் புதைத்தாள். அவள் பிறந்தநாளுக்கு அவன் வாங்கித் தந்த பை.

வண்டி ஓரமாக நின்றது. அவன் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். கையில் போன் டார்ச்.

"சீட்டுல பட்டுச்சா?"

அவள் நர்சரி பள்ளி டீச்சர். எத்தனையோ குழந்தைகள் அவள் மேலேயே வாந்தி எடுத்திருக்கின்றன. முதலில் தலையைப் பிடிப்பாள், பிறகு தண்ணீர் கொடுப்பாள். தரையைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

"ஒரு சொட்டு கூட சிந்தலடா," என்று எட்டிப் பார்த்த மாமியார் வியந்தாள். "கெட்டிக்காரப் பொண்ணு! நான் அன்னைக்கே சொன்னேன்ல, இவ நம்ம வீட்டுக்கு ஏத்தவன்னு."

கையில் பையோடு அவளை இறக்கி நிறுத்திவிட்டு அவன் சீட்டைத் துடைத்தான். அவள் முதுகு சாய்ந்த இடம், கை பட்ட இடம், கதவின் கைப்பிடி. செருப்பு வண்டிக்குள் இருந்ததால் வெறுங்காலோடு வெயில் தாரில் மாறி மாறி நின்றாள். பிறகு ஸ்பிரே அடித்தான். அதற்கும் பிறகுதான் அவள் பக்கம் திரும்பி, மூக்கைச் சுருக்கினான்.

"கோவிச்சுக்காத. உன் டிரஸ்ல வாடை இருக்கு, சீட்டுத் துணி பிடிச்சுக்கும். அதோ பஸ் ஸ்டாப். நீ பின்னாடியே வந்துடு, நாங்க கட்டிலைப் பார்த்துட்டு இருக்கோம். ஓகேவா, செல்லம்?"

"என் செருப்பு."

"சீக்கிரம் எடுத்துக்கோ." துடைத்த காகிதங்களைக் குப்பைத் தொட்டியில் போட அவன் நடந்தான். மாமியார் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவள் குனிந்து துணிப்பையை இழுத்தாள். செருப்பை மாட்டினாள். வெறுங்கையோடு, போனை மட்டும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் திரும்பி வந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தை இன்னொருமுறை பார்த்துத் திருப்தியாகக் கதவைச் சாத்தினான். அவளைப் பார்க்கவில்லை.

கார் போனதும் சாலையைக் கடந்து, எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முகத்தில் தூசி அடித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது போன் அடித்தது.

"எங்க இருக்க? கடைக்கு வரவே இல்ல? வெயில்ல வண்டிய விட்டுட்டு வந்து கதவைத் திறந்தா ஒரே நாத்தம்! அம்மா குமட்டிட்டு நிக்கிறாங்க. நான்தான் அவ்வளவு துடைச்சேனே!"

"அத்தை சீட்டுக்கு அடியில பாருங்க. செருப்பு வைக்கிற இடத்துல உங்க பை இருக்கு. அதுக்குள்ள நீங்க நிச்சயத்துல போட்ட மோதிரமும் இருக்கு. கழுவி எடுத்துக்குங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

கெஞ்சுவான் என்று அவள் மனசின் ஒரு மூலை இன்னும் காத்திருந்தது.

"ஜிப்பாவது மூடியிருக்கியா?" என்றான்.

"இல்லங்க," என்றாள். "திறந்துதான் வச்சேன்."