பிடிப்புள்ள டயர்

விற்கிற ஆள் "வேண்டாம் சார்" என்று சொன்னால் நான் உடனே சட்டைப் பையைப் பொத்திக்கொள்வேன். நானும் விற்கிறவன்தான். டைல்ஸ் கடையில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க அந்த வித்தையைத்தான் காட்டினேன். "இது உங்களுக்கு வேண்டாம், இதைவிடச் சாதாரணமானதே போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், குளியலறைக்கு மட்டும் கேட்டு வந்தவர் உருகிப்போய் வீடு முழுக்கப் போட வாங்கிப் போவார். அதனால்தான் டயர்க்காரர் என் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த டயரே நல்லாத்தானே இருக்கு, எதுக்கு சார் மாத்தறீங்க?" என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று முடிவு கட்டினேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிடக் கொஞ்சம்தான் இளைய கார். நீள மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், இழுவை எல்லாம் பின்சக்கரத்தில். கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்று இருந்தால் போதும். எஞ்சின் கனம் முன்னால் உட்கார்ந்திருக்க, அதன் பலமெல்லாம் பின்னால் போகிறது. பின் டயர் தரையைக் கவ்வாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், வண்டியின் வால் ஒரு பக்கமாகப் போய்விடும். கடையை மகள் கையில் கொடுத்த பிறகு எனக்கே எனக்கென்று மிஞ்சியது இந்த வண்டி ஒன்றுதான். டி.வி. ரிமோட்கூட என் கையில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தூறல். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளம்பினேன். டயர் கிறீச்சிட்டது, வால் வீசியது, பின்சக்கரம் நடைபாதை ஓரக்கல்லில் இடித்து நின்றது. அந்த இடத்தில் நின்றிருந்த பெண், கையிலிருந்த காய்கறிப் பையைப் பறக்கவிட்டுப் பின்னால் துள்ளியதால்தான் தப்பினாள். என் மனைவி இறங்கிப் போய், சிதறிய தக்காளிகளைப் பொறுக்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வண்டியை வித்துடணும்."

சரி என்றேன். டயர் கோளாறுதானே, மாற்றினால் தீர்ந்தது என்ற தைரியம். நல்ல பிடிப்புள்ள டயராகக் கிடைத்தால் வண்டி என்னிடம் இருக்கும், இல்லாவிட்டால் போய்விடும். அன்றைக்கு விஷயம் அவ்வளவுதான்.

இந்தக் கடையைச் சொன்னவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. "நம்ம ஆளு மாமா, கண்ணை மூடிட்டுப் போலாம்" என்றான். கண்ணை மூடச் சொல்கிறவன் முன்னால் இமைக்கக்கூடக் கூடாது. அது ஒன்று. இரண்டாவது, ஒர்க்‌ஷாப் பக்கம் தலைவைத்துப் படுக்காத என் மனைவி, நானும் வருகிறேன் என்று கிளம்பினாள். எதுக்கு என்றேன். சும்மாதான் என்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் எதையும் சும்மா செய்ததில்லை.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் டயர்கள் கோபுரம் கோபுரமாக அடுக்கியிருந்தன. பஞ்சர் பார்க்கிற தொட்டியில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. மூலையில் கம்ப்ரஸர் அவ்வப்போது உயிர் வந்து தடதடத்தது. டயர்க்காரர் என் பின் டயரின் பட்டன் வரிப்பள்ளத்துக்குள் கருவியை விட்டு ஆழம் பார்த்தார், நகத்தால் ரப்பரை அழுத்தினார், ஓரத்தில் பொறித்திருந்த தேதியைப் படித்தார். பட்டன் தேயவில்லை, ரப்பர் கெட்டிப்படவில்லை, பழைய சரக்கும் இல்லை என்றார். ஓரக்கல்லில் இடித்த இடத்தில்கூடச் சிராய்ப்புதானாம்.

அப்படியானால் ஏன் வழுக்குகிறது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், எப்போதெல்லாம் வழுக்கும், எத்தனை நாளாக என்று திருப்பிக் கேட்டார். போலீஸ்காரர் மாதிரிக் கேள்வி. நான் அசரவில்லை. இருப்பதிலேயே மிருதுவான ரப்பர் எடுத்துவாருங்கள் என்றேன். டயர் ஓரத்தில் தேய்மான எண் ஒன்று இருக்கும், அது குறையக் குறைய ரப்பர் மிருது, பிடிப்பு அதிகம் என்று எனக்குத் தெரியும் என்பதையும் அவர் காதில் போட்டுவைத்தேன். அவர் மறுபடியும் இழுத்தார். அந்த டயர் காய்ந்த சாலையில் பசை மாதிரி ஒட்டுமாம், மழையில் அவ்வளவு நம்ப முடியாதாம். அகலமானதைப் போட்டால் மட்கார்டில் உரசுமாம். கடைசியில் இதே அளவில், கொஞ்சம் மிருதுவாக, தண்ணீர் வடிய ஆழமான கால்வாய் வெட்டிய ஒரு ஜோடியை எடுத்துவந்தார். அதையும் அரை மனதாகத்தான் காட்டினார்.

நான் விடுவேனா? டார்ச் அடித்து இரண்டிலும் தேதி பார்த்தேன். லேபிளைச் சுரண்டினேன். முகர்ந்துகூடப் பார்த்தேன், புது ரப்பர் வாசம்தான் வந்தது. நான் செய்ததையெல்லாம் அவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என் கடையில் ஒருவன் டைல்ஸை முகர்ந்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். இவ்வளவு பொறுமை இவருக்கு எங்கிருந்து வருகிறது என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

கடை வேலையாள் ஒருவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். நட்டு நட்டாக நான் காவல் நின்றபோது, அந்தப் பக்கம் என் மனைவியும் டயர்க்காரரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அவள் என்னைக் காட்டினாள். பிறகு தன் வலது காலைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். நான் டயர் அடுக்குக்குப் பின்னால் மெல்ல நகர்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் தடதடத்தது. "சுகர்" என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் கிடைத்தது.

எனக்கு மானம் போனது போல இருந்தது. சர்க்கரை எனக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஞாபகம் வந்தால் மாத்திரை போடுகிறேன். டாக்டர் கால் நரம்பைப் பரிசோதிக்க எழுதிக் கொடுத்து வருஷம் திரும்பப் போகிறது. போகவில்லை. பரிசோதிக்கிற இடம் அவர் மச்சினனுடையது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதையெல்லாம் ஒரு டயர் கடையில் கடைவிரிக்க இவளுக்கு என்ன அவசரம்?

டயர் மாட்டி முடிந்தது. கடைக்குப் பின்னால் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டி, வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற சந்து இருந்தது, அங்கே வண்டியைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அலுவலக அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொட்டகையைக் கடந்து வண்டிக்குப் போனேன். இந்த வண்டியை நான் வெறுங்காலில்தான் ஓட்டுவேன். பெடல் என்ன சொல்கிறது என்று உள்ளங்காலுக்குக் கேட்க வேண்டும். செருப்புப் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஏறி உட்கார்ந்தேன். கியரைப் போட்டேன். ஆக்சிலேட்டரைத் தொட்டேன், அவ்வளவுதான். வண்டி அலறியது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கிளம்ப, வேலையாள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

நான் இறங்கிய வேகத்தில் கதவு அதிர்ந்தது. போலிச் சரக்கு என்றேன், பழைய ரப்பருக்குப் புது லேபிள் என்றேன், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். டயர்க்காரர் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, ஏறி, சந்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார். சத்தமே இல்லை. பழகிய கை, ஏமாற்றத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் என் மனைவி கைப்பையை வேலையாளிடம் கொடுத்துவிட்டு, நான் ஓட்டுகிறேன் என்று ஏறிவிட்டாள். தினமும் சின்னக் காரில் மார்க்கெட் போகிறவள், இதன் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டாள். வண்டி பூனை மாதிரிக் கிளம்பிப் போனது, பூனை மாதிரியே வந்து நின்றது.

"நீ பயந்து பயந்து மிதிக்கிறே" என்றேன்.

"எவ்வளவு மிதிக்கிறேன்னு எனக்குத் தெரியுதுங்க" என்றாள்.

அதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். தம்பி கடையைச் சொல்கிறான், அக்கா கூடவே வருகிறாள், கடைக்காரர் டயரே வேண்டாம் என்கிறார். மூன்று பேரும் சேர்ந்து வண்டியை என்னிடமிருந்து கழற்றப் பார்க்கிறார்கள். வாங்குகிற ஆளைக்கூடப் பிடித்து வைத்திருப்பார்கள். இதைக் கொட்டகைக்குள் திரும்பி வந்து, குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, உரக்கச் சொன்னேன். யாரும் மறுக்காததால் இன்னும் கோபம் வந்தது.

அப்போதுதான் சிமெண்ட் தரையில் சிவப்பாக எதையோ பார்த்தேன். ஒரு பொட்டு, தள்ளி இன்னொன்று, அப்புறம் வரிசையாக.

வேலையாளைக் கூப்பிட்டு, யாருக்கோ அடிபட்டிருக்கிறது, போய்ப் பார், கடையை இப்படியா வைத்திருப்பீர்கள் என்று அதட்டினேன். அவர் அசையவில்லை. அவரும் டயர்க்காரரும் என் மனைவியும் தரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். சிவப்புப் பொட்டுகள் நான் போன பக்கமெல்லாம் போய், நான் திரும்பிய இடத்திலெல்லாம் திரும்பி, என்னிடம் வந்து முடிந்திருந்தன.

டயர்க்காரர் என்னைத் தோளைப் பிடித்து ஒரு டயர் அடுக்கின் மேல் உட்காரவைத்தார். வலது காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலுக்குக் கீழே ஓர் ஆணி, தலைவரை இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. பழக்கத்தில் ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே மெதுவாக இழுத்தார். அது வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய காலிலிருந்தோ வருவது போல இருந்தது.

"வலிக்குதா சார்?"

அவர் முகத்தில் காலையிலிருந்து நான் தேடிய கள்ளம் அப்போதும் கிடைக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் காய்கறிப் பை காற்றில் பறந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

வேலையாள் மருந்துப் பெட்டியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தார். என் மனைவி தரையில் உட்கார்ந்து காலைத் துடைத்துக் கட்டுப் போட்டாள். பிறகு என் முகத்துக்கு முதுகு வருகிற மாதிரித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் தோளைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"கட்டை விரலைத் தொடறேன், தெரியுதா?"

"தெரியுது."

"நடு விரலு?"

"ம்."

"சுண்டு விரலு?"

"தெரியுது, தெரியுது. நல்லாவே தெரியுது. விடு, வீட்டுக்குப் போலாம்."

டயர்க்காரர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, மறு கையில் அதன் மூடி.

"நான் இன்னும் தொடவே இல்லைங்க."

குரலில் குத்தல் இல்லை. கண் நிறைந்திருந்தது. நான் சொன்ன பொய்யை வைத்து அவள் என்னை மடக்கியிருக்கலாம், தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். ஆனால் பாட்டிலை மூடிவிட்டு என் செருப்பை எடுத்துவரப் போனாள்.

அவள் வருவதற்குள் நான் எழுந்து வண்டிவரை நடந்தேன். நொண்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் எப்போதும் உட்காருகிற பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன்.