கறை போகாத விரிப்பு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பது அப்பாவின் வேலை. கறை போகாத விரிப்பு கண்ணில் பட்டால் துணிக்கட்டுக்குள்ளிருந்து உருவி ஓரமாகப் போட்டுவிடுவார். ஒன்றை விட்டுவைத்தாலும் வார்டிலிருந்து மொத்தக் கட்டும் திரும்பி வரும்.

அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனது. வேலை பறிபோகாமலிருக்க மகள் அவர் இடத்தில் நின்றாள். காலையில் சலவைக்கூடம், மதியம் கல்லூரி. காலையில் நடக்கும் கணக்கு, வேதியியல் வகுப்புகளுக்குப் போக முடியவில்லை. இரண்டிலும் தேற வழியில்லை என்று அப்பாவிடம் சொன்னாள்.

"தேறாததை எடுத்துடும்மா. மிச்சம் சுத்தமா இருக்கும்ல" என்றார், படுத்தபடியே.

இரண்டு பாடங்களிலிருந்தும் விலகினாள். மற்ற மூன்றிலும் முதல் வகுப்பு. அப்பா வேலைக்குத் திரும்பியதும் கூடம் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இஸ்திரிக்காரர் அவளுக்குப் புரொபசர் என்று பேர் வைத்தார். புரொபசர் மடித்த விரிப்பில் படுத்தால் நோயாளிக்கும் புத்தி வந்துவிடுமாம்.

பிறகு கல்லூரியில் அவளுக்குக் கிடைத்துவந்த உதவித்தொகை நின்றுவிட்டது. விசாரிக்கப் போனபோது அப்பாவும் கூடவே வந்தார். கல்லூரி அலுவலகத்திலிருந்த அம்மாள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். ஐந்து பாடங்களையும் எடுத்துப் படிப்பவர்களுக்குத்தான் உதவி. இடையில் விலகினால் தகுதி போய்விடும். அந்த இரண்டையும் சொந்தச் செலவில் முடித்துவிட்டு மறுபடி கேட்கலாம். அந்தச் செலவுக்கு வழியிருந்தால் உதவியே கேட்டிருக்க மாட்டார்கள்.

"அதுல அவ ஃபெயிலாயிருப்பாளே, மேடம்" என்றார் அப்பா.

"ஆயிருந்தா பரவாயில்லைங்க. ஒரு பருவம் அவகாசம் குடுப்போம். பரீட்சை எழுதியிருக்கணும், அவ்வளவுதான்."

பேருந்தில், தான்தான் முன்கூட்டியே இங்கே வந்து கேட்டிருக்க வேண்டும் என்று மகள் சொன்னாள்.

"நீ கேட்டே. என்கிட்ட கேட்டே" என்றார்.

சலவைக்கூடத்தில் ஆள் தேவைப்பட்டது. படிப்பை நிறுத்திய அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். மேசையின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அப்பா. இஸ்திரிக்காரர் இப்போது அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார்.

ஒரு நாள் விரித்த துணியின் நடுவில் பழுப்புக் கறை. அவள் உருவப் போனாள். அப்பா தன் முனையை விடவில்லை.

"இருக்கட்டும்."

"கட்டே திரும்பி வந்துடும்பா."

"வரட்டும்."

மடித்துக் கட்டின் நடுவில் வைத்தார்.

மதியம் கட்டு திரும்பி வந்தது. இருவரும் அவிழ்த்து, முதலிலிருந்து மடித்தார்கள்.