மூன்றாவது போருக்கு ஒரு வாசகம்

மாமாவின் பேனர் கடையில் துணி வீணாவதில்லை. கூட்டம் முடிந்ததும் பழைய பேனரைக் கழற்றி வந்து, வெள்ளை அடித்து, மேலே புது வாசகம் எழுதிவிடுவார். அவர் சிக்கனத்துக்கு அரசியலும் ஒத்துழைத்தது. முதல் போரில் கிழக்கு நாட்டார் எதிரிகள். இரண்டாவது போரில் அவர்களே உடன்பிறப்புகள், வடக்கு நாட்டார்தான் எதிரிகள். இப்போது மூன்றாவதுக்கு நாள் பார்க்கிறார்கள். கிழக்கு மறுபடியும் எதிரியாகிவிட்டது.

முதல் போரில் நான் சின்னப் பிள்ளை. பேனரில் இருந்ததையெல்லாம் நம்பினேன். இரண்டாவதில் பள்ளிக்கூடம் படைமுகாமாயிற்று. என் படிப்பு அதோடு சரி. ‘வீட்டுக்கு ஒரு வீரன்’ என்று மாமா எழுத, எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் போனான். இடது கையை விட்டுவிட்டு வந்தான். இப்போது கடையில் பெயின்ட் கலக்குகிறான். கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று யாராவது கேட்டால், ஒரு கை தட்டினால் ஓசை வராதே என்பான்.

போன வாரம் கட்சிச் செயலாளர் எங்கள் பேனரை மேடைக்குப் பின்னால் கட்டினார். சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடித்தது. ‘கிழக்கை நொறுக்குவோம்’ என்பதற்கு அடியில் ‘கிழக்கே, எம் உடன்பிறப்பே’ பளிச்சென்று தெரிந்தது. மாமா ஒரே பூச்சோடு நிறுத்தியிருந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம்.

மறுநாள் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். புதுத் துணியில், புது வாசகத்தோடு தெருவுக்கு ஒரு பேனர் வேண்டும். இல்லையென்றால் இனிக் கட்சி வேலை இந்தப் பக்கம் வராது என்றார். கட்சி வேலை போனால் கடையில் பாதி போன மாதிரி. மாமாவின் மண்டையில் சரக்குத் தீர்ந்திருந்தது. ‘என் அக்கா மகள் நன்றாக எழுதுவாள்’ என்று என்னைக் காட்டிவிட்டார்.

இரண்டு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

“வீட்டுக்கு ஒரு வீரன்னே எழுதுறேன். கீழ, உங்க வீட்டுலேர்ந்து யாருன்னு போடணும். பேரு சொல்லுங்க.”

“என் பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்மா,” என்றார் செயலாளர், குரல் தணிந்து.

“நானும் படிச்சிட்டுதான் இருந்தேன்.”

அண்ணன் பெயின்ட் கலக்குவதை நிறுத்தினான். செயலாளர் மாமாவைப் பார்த்தார், மாமா கூரையைப் பார்த்தார். செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அன்று முழுக்க மாமா வாளியைத் திட்டினார், ஏணியைத் திட்டினார், என்னைத் திட்டவில்லை. அடுத்த தெருக் கடைக்காரர் எழுதிய பேனர்கள் மறுநாளே தொங்கின; போர் ஒன்றும் என்னைக் கேட்டு நிற்கப்போவதில்லை. எங்களுக்கு அந்த வாரம் வந்தது முடிதிருத்தும் கடைப் பலகை ஒன்றுதான். அதில் என்ன எழுதலாம் என்று மாமா என்னைத்தான் கேட்டார். கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டார்.