கவிழ்த்து வைத்த ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை தக்காளிக் குழம்பு காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்த ஃபிலோமினாவுக்குத்தான் கையும் ஓய்ந்துவிட்டது, மனசும் ஓய்ந்துவிட்டது.

அமெரிக்காவைக் கண்டுபிடித்த இத்தாலியன் என்று கொண்டாடும் கொலம்பஸ் தின விடுமுறையை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று, இத்தாலியர்கள் குடியேறிய அந்த அமெரிக்க ஊரின் நகரசபை வருஷா வருஷம் கூடும். ஆளுக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கும். எல்லாரும் போன வருஷம் பேசியதையே பேசுவார்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று கலைவார்கள். ஆறப்போட்டால் எதுவும் ஆறிவிடும் என்பது சபைகளின் பழைய நம்பிக்கை. இந்தத் தடவை தப்ப வழியில்லை, நாளை ஓட்டு. நாலு உறுப்பினர்கள் இரண்டு இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஐந்தாவது கை ஃபிலோமினாவுடையது.

அவளுடைய ஒரே அண்ணன் நுன்சியோ கொத்தனார். இருபது வருஷமாக அந்த நாள் ஊர்வலத்தில் வெல்வெட் தொப்பியோடு கப்பல் வண்டிமேல் நின்று கையாட்டும் கொலம்பஸும் அவன்தான். அவனோடு சேர்ந்து கல் கட்டும் கூட்டாளி எவரெட் நாரகான்செட் என்ற பூர்வகுடி இனத்தவன். வெள்ளைக்காரர்கள் வருமுன் அந்த ஆற்றங்கரை முழுக்க அவன் ஜனங்களுடையது. ஞாயிறு சாப்பாடு மூன்று பேருக்கும் ஒரே மேசையில்தான்.

ஃபிலோமினா ஏதோ நினைவில் ரொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"என்னடி இது! தூக்குப் போடறவன் ரொட்டியா?" நுன்சியோ பதறிப்போய் அதை நிமிர்த்தி, முத்தமிட்டு வைத்தான். பழைய இத்தாலியில் ரொட்டிக் கடைக்காரன் தூக்குப் போடுகிறவனின் பங்கைக் கவிழ்த்துத் தனியாக வைப்பானாம். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். கடல் தாண்டி வந்தும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

"நாளைக்கு எடுத்துடலாம்னு கை தூக்கினே, அடுத்த வாரம் இந்த நாற்காலி காலி. சொல்லிட்டேன்."

"அண்ணே, நிம்மதியா சாப்பிட விடேன்."

"தாத்தா காலத்துல நியூ ஆர்லியன்ஸ்ல கும்பல் கூடி நம்ம இத்தாலியக்காரங்களைத் தொங்க விட்டாங்கடி. அழுக்குப் பசங்கன்னு துப்பினாங்க. அதுக்கப்புறம் இந்த ஒரு நாள்தான் நம்மளையும் மனுஷனா பாத்தாங்க. அதையும் விடணுமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் எவரெட் பக்கம் திரும்பினாள்.

"எவரெட், நீயாவது சொல்லேன்" என்றாள்.

"எனக்கு அலுத்துப் போச்சு, ஃபிலோமினா. நானும் வருஷா வருஷம் ரெண்டு நிமிஷம் பேசியாச்சு."

"இவன் என்னைக்கு ஊர்வலத்துக்கு வந்தான்? அன்னைக்கு மட்டும் அய்யாவுக்குப் பல்வலி!" நுன்சியோ சிரித்தான்.

எவரெட் சிரிக்கவில்லை. "பல்வலி இல்லடா. உன் வண்டி என் வீட்டைத் தாண்டற வரைக்கும் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருப்பேன். அந்த வேஷத்துல உன்னைப் பாத்துடக் கூடாது. மறுநாள் உன்கூட கல்லு தூக்கணுமே." தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "கொலம்பஸ் ஆட்சியில அந்தக் கரீபியன் தீவுங்கள்ல எங்களை மாதிரி பூர்வகுடிங்க எத்தனை பேரத் தூக்குல போட்டாங்க, தெரியுமா?"

ஃபிலோமினா ரொட்டியைப் பார்த்தாள். நுன்சியோவும் பார்த்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மேல்சட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டான். போச்சு, அண்ணன் போயாச்சு என்று அவள் அடுப்படியில் நின்று அழுதாள்.

மறுநாள் சபையில் நுன்சியோ பேச எழுந்ததும் இத்தாலியச் சங்கத்தார் கைதட்டினார்கள். அவன் கையைக் காட்டி அதை நிறுத்தினான்.

"எங்களைத் தொங்க விட்டாங்க. அந்த வலிக்கு மருந்துன்னு, இன்னொரு ஜனத்தைத் தொங்க விட்டவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டோம். தூக்குக்காரன் ரொட்டியைத் தொடமாட்டோம். ஆனா அவன் தொப்பியைப் போட்டுக்குவோம்! நம்ம காயத்துக்கு மருந்தை அடுத்தவன் காயத்துலேருந்து எடுக்கக் கூடாதுங்க. எனக்கு ஊர்வலம் வேணும். ஆனா கல்லு சுமந்து செத்தாரே எங்கப்பா, அவரு பேர்ல நடக்கறேன்."

சங்கத்தார் கூச்சல் போட்டார்கள். விடுமுறையை எடுத்துவிடலாம் என்று ஃபிலோமினா கையைத் தூக்கினாள். கூச்சல் அடங்கும்வரை அதை இறக்கவில்லை.

அந்த அக்டோபரில் ஊர்வலம் சின்னதாகத்தான் போனது. வெறுந்தலையும் அழுக்கு வேலைச் சட்டையும் கையில் கொத்துக்கரண்டியுமாக நுன்சியோ நடந்து வந்தான். எவரெட் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"டேய்," என்று எவரெட் உள்ளேயிருந்து கத்தினான், "அந்த வெல்வெட் தொப்பி எப்படியும் உனக்குப் பொருந்தியிருக்காதுடா!"